மதுக்கூடத்தில் ஒரு திருப்பாடல்

செபமாலை சொல்லும் வழக்கமுள்ள இல்லங்களில் எல்லாம் நாம் ஓர் உண்மையைக் காணலாம். சொற்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. பாட்டி சொன்னதையே பேத்தியும் சொல்லுகிறாள். ஆயினும், குழந்தை காய்ச்சலில் கிடக்கும் இரவில் சொல்லப்படும் செபமாலையும், அறுவடை முடிந்த மறுநாள் சொல்லப்படும் செபமாலையும் ஒன்றல்ல. எழுதி வைக்கப்பட்ட மன்றாட்டு, அதனைச் சொல்லுகிறவரின் மூச்சிலும், அந்த நாளின் துன்ப இன்பங்களிலும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. பிறவாதபோது அது வெறும் உதட்டசைவாக நின்றுவிடுகிறது.

இவ்வுண்மையை இசையின் வழியாக எண்ணிப் பார்க்க, அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜாஸ் இசையின் வரலாற்றிலிருந்து ஓர் இரவை இங்கே எடுத்துக்கொள்கிறோம். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், சனிக்கிழமை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரம். பென்ட்ஹவுஸ் என்னும் இரவு விடுதியில், ஜான் கோல்ட்ரேன் என்னும் சாக்ஸபோன் கலைஞர் தம் குழுவினருடன் ஓர் இறைவேண்டலை இசையாகப் படைத்தார். அதன் ஒலிநாடா ஐம்பத்தாறு ஆண்டுகள் உலகின் கண்ணுக்கு மறைந்து கிடந்து, 2021-ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. “எ லவ் சுப்ரீம்: லைவ் இன் சியாட்டில்” என்பது அதன் பெயர். எ லவ் சுப்ரீம் என்பதனை ‘ஒப்புயர்வற்ற அன்பு’ என்று நாம் தமிழில் வழங்கலாம்.

கருவியும் கலையும்

சாக்ஸபோன் பழமையான கருவி அன்று. பெல்ஜியம் நாட்டினரான அடோல்ஃப் சாக்ஸ் என்பவர் 1846-இல் பாரிஸ் நகரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளையால் ஆனதாயினும் நாணலால் ஒலிப்பது. படைப்பிரிவுகளின் வாத்தியக் குழுக்களுக்கென்று பிறந்த இக்கருவியை, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் மனிதக் குரலுக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தினர். நம் பக்கத்தில், மறைந்த கத்ரி கோபால்நாத் அவர்கள் கருநாடக இசையின் கமகங்களை இதில் வாசித்துக் காட்டினார். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் அவரது வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இக்கருவியின் குழைவும் ஏக்கமும் புதியன அல்ல.

ஜாஸ் இசையின் உயிர் அந்நேரத்துக் கற்பனை. நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வதற்கு இது மிக நெருங்கியது. ஒரு மெட்டு முதலில் வாசிக்கப்படும். அதனை அடித்தளமாகக் கொண்டு ஒவ்வொரு கலைஞரும் தம் முறை வரும்போது அந்நேரத்தில் உள்ளத்தில் எழுவதை வாசிப்பார். மற்றவர் கூர்ந்து கேட்டு அவரைத் தாங்கி நிற்பர். ஆகவே ஒரே பாடல் இருமுறை ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகும் தட்டு, பலமுறை வாசித்து அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. மக்கள் முன்னிலையில் பதிவாகும் தட்டில் அந்த வாய்ப்பு இல்லை. கண்ணாடிக் குவளைகளின் ஓசையும், தவறும் தடுமாற்றமும், எதிர்பாராத அருளும் அதில் அப்படியே பதிந்துவிடுகின்றன.

போதகர்களின் பேரன்

கோல்ட்ரேன் 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார், தாய்வழிப் பாட்டனார் இருவருமே ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சீயோன் சபையின் போதகர்கள். வளர்ந்த ஊர் ஹைபாயிண்ட். நிறவேற்றுமைச் சட்டங்கள் நிலவிய அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி தனி. பன்னிரண்டு வயதில், மிகக் குறுகிய இடைவெளியில், பாட்டனாரையும் தந்தையையும் ஒருவர்பின் ஒருவராக இழந்தார். ஏறத்தாழ அக்காலத்திலேதான், ஒரு போதகர் நடத்திவந்த சிறுவர் இசைக்குழுவில் முதன்முதலாகக் காற்றுக் கருவியைக் கையில் எடுத்தார்.

பின்னர் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்து, கடற்படையில் சிறிது காலம் பணியாற்றி, புகழ்பெற்ற பல குழுக்களில் வாசித்தார். 1955-இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காளக் கலைஞரின் குழுவில் இடம் கிடைத்தது. புகழ் வந்தது. கூடவே ஹெராயின் என்னும் நச்சுப் பழக்கமும் குடியும் அவரை விழுங்கிக்கொண்டிருந்தன. 1957-இல் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். பிலடெல்பியாவில் தாயின் இல்லத்துக்குத் திரும்பிய கோல்ட்ரேன், தம்மைத் தனிமையில் அடைத்துக்கொண்டு அப்பழக்கத்தை அறுத்தெறிந்தார். தாயும் மனைவி நயீமாவும் உடனிருந்து தாங்கினர்.

அந்த ஆண்டில் இறைவனின் அருளால் தமக்கு ஓர் ஆன்ம விழிப்பு வாய்த்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். தம் இசையால் பிறரை மகிழ்விக்கும் வழியையும் பேற்றையும் தாழ்மையுடன் இறைவனிடம் கேட்டதாகவும், அது தமக்கு அருளப்பட்டதாகவும் குறிப்பிட்டார். அதே கடிதத்தில் வேறொன்றையும் அவர் மறைக்கவில்லை. இடைக்காலத்தில் உறுதி தளர்ந்ததையும், ஏற்ற பாதையிலிருந்து விலகியதையும், இறைவனின் இரக்கத்தால் மீண்டும் எழுப்பப்பட்டதையும் வெளிப்படையாகச் சொன்னார். மனமாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடும் செயலன்று என்பதை ஒப்புரவு அருளடையாளத்தை நாடும் நாம் நன்கறிவோம். வீழ்ச்சியைச் சொல்லத் துணிந்த அந்த நேர்மையே அவரது நன்றியறிதலுக்கு எடையைத் தருகிறது.

இங்கே ஓர் ஒப்புமையைச் சுட்டிச் செல்வது பொருந்தும். அதே 1957-ஆம் ஆண்டில்தான் மேரி லூ வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பினப் பியானோ கலைஞர் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். இசையரங்குகளைச் சில ஆண்டுகள் துறந்திருந்த அவர், பின்பு புனித மார்ட்டின் தெ போரஸ் அவர்களைப் போற்றும் இசைப்படைப்பையும், திருப்பலிக்கான ஜாஸ் இசையையும் இயற்றினார். 1975-இல் நியூயார்க் நகரின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அத்திருப்பலி இசை ஒலித்தது. அவர் மதுக்கூடங்களின் இசையைத் திருப்பலிப் பீடத்தருகே கொண்டு சென்றார். கோல்ட்ரேனோ வேண்டலை மதுக்கூடத்துக்கே எடுத்துச் சென்றார்.

நான்கு பகுதிகள்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மாலை, நியூஜெர்சி மாநிலத்தில் ரூடி வான் கெல்டர் என்னும் ஒலிப்பதிவாளரின் கூடத்தில் கோல்ட்ரேனும் தோழர் மூவரும் கூடினர். பியானோவில் மெக்காய் டைனர், பெருந்தந்திக் கருவியான டபுள் பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். ஏறத்தாழ 33 நிமிடங்கள் நீளும் அந்தப் படைப்பு 1965-இன் தொடக்கத்தில் இம்பல்ஸ் நிறுவனத்தின் தட்டாக வெளிவந்தது. இறைவனுக்குத் தம் எளிய காணிக்கை என்றே அவர் அதனைக் குறிப்பிட்டார்.

அது நான்கு பகுதிகளால் ஆனது. அவற்றின் பெயர்களை ஏற்றறிதல், உறுதிபூணல், பின்தொடர்தல், திருப்பாடல் என்று நாம் தமிழில் சொல்லலாம். தவமுயற்சிக் காலத்தில் ஓர் ஆன்ம குரு நமக்குக் காட்டும் படிகள் போல இவை அமைந்துள்ளன அல்லவா? முதலில் இறைவனின் கொடையை ஏற்று அறிகிறோம். பின்பு அவர் வழியில் நிற்க உறுதி கொள்கிறோம். அதன்பின் ஓடியும் களைத்தும் அவரைத் தொடர்கிறோம். இறுதியில் புகழ்ச்சியன்றி வேறெதுவும் எஞ்சுவதில்லை.

முதற்பகுதி நான்கே சுரங்களாலான ஒரு சிறு சொற்றொடரின் மேல் எழுகிறது. பேஸ் அதனைத் தொடங்கி வைக்கிறது. பின்பு சாக்ஸபோன் அதனை எடுத்து, மேற்கத்திய இசையின் பன்னிரண்டு சுருதிகளிலும் ஏற்றி இறக்கிக் காட்டுகிறது. இறைவனின் அன்பு எல்லா இடத்தும் நிறைந்துள்ளது என்று அவர் சொல்லாமல் சொல்லுவதாக ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கூறுவர். அதன்பின் அதே நான்கு சுரங்களில் தட்டின் பெயரைக் கோல்ட்ரேன் தம் வாயால் திரும்பத் திரும்ப ஓதுகிறார். மன்றாட்டு மாலையின் மறுமொழி போன்றது அது.

நான்காம் பகுதியின் சிறப்பு இன்னும் வியப்பானது. தட்டின் உறையில் கோல்ட்ரேன் தாமே எழுதிய ஒரு வேண்டுதற் கவிதை அச்சாகியிருந்தது. திருப்பாடல் என்னும் இறுதிப் பகுதியில் அவர் வாசிப்பது அக்கவிதையையே. அசைக்கு ஒரு சுரமாக, வரிக்கு ஒரு மூச்சாக, வாய் திறவாமல் சாக்ஸபோனால் அதனை ஓதுகிறார். லூயிஸ் போர்ட்டர் என்னும் இசையறிஞர் கவிதையையும் இசையையும் அருகருகே வைத்து இதனை மெய்ப்பித்தார். கறுப்பினப் போதகர் மறையுரையின் உச்சத்தில் பேச்சை விட்டுப் பாட்டாக எழும்பும் அந்தக் குரல்நடையை, பாட்டனாரின் ஆலயத்தில் கேட்டு வளர்ந்த பேரன் பித்தளைக் குழலில் மீட்டெடுத்தார் எனலாம்.

இவ்வாறு முழுமை பெற்ற ஒன்றை அப்படியே காத்து வைத்திருக்கலாம். ஆனால் மறுநாளே, டிசம்பர் 10-ஆம் தேதி, அவர் வேறு இரு கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு முதற்பகுதியை மீண்டும் பதிவு செய்து பார்த்தார். அப்பதிவு அன்றைய தட்டில் இடம்பெறவில்லை. எனினும் ஒன்று விளங்குகிறது. இந்த வேண்டலை இன்னும் பலரோடு சேர்ந்து சொல்ல வேண்டும் என்ற விழைவு தொடக்கத்திலிருந்தே அவருள்ளத்தில் இருந்தது.

சியாட்டிலில் ஒரு வாரம்

1965-ஆம் ஆண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கண்ணீரும் நம்பிக்கையும் கலந்த ஆண்டு. இரண்டாண்டுகளுக்கு முன், 1963 செப்டம்பர் 15-ஆம் நாள் ஞாயிறன்று, பர்மிங்காம் நகரின் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றில் வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியாயினர். அத்துயரை நினைந்து கோல்ட்ரேன் ‘அலபாமா’ என்னும் புலம்பலை இயற்றியிருந்தார். 1965 மார்ச் 7-இல் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் தடியால் அடிக்கப்பட்டனர். ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. அதே நாளில்தான் கோல்ட்ரேனுக்கு ஒரு மகன் பிறந்தான். தாம் பெரிதும் மதித்த சித்தார் மேதை ரவிசங்கரின் நினைவாக அவனுக்கு ரவி என்று பெயரிட்டார். அதற்கு அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி தீப்பற்றி எரிந்தது.

இச்சூழலில்தான் செப்டம்பர் இறுதியில் அவர் சியாட்டிலுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 39. நால்வராக இருந்த குழு இப்போது பெருகியிருந்தது. ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஃபேரோ சாண்டர்ஸ் என்னும் இளைஞர் இரண்டாவது டெனர் சாக்ஸபோனுடன் சேர்ந்திருந்தார். டொனால்ட் கேரட் இரண்டாவது பேஸை ஏந்தினார். பனாமா நாட்டில் பிறந்து சியாட்டிலில் வாழ்ந்துவந்த 25 வயது இளைஞர் கார்லோஸ் வார்ட், ஆல்ட்டோ சாக்ஸபோனுடன் உடன்வாசிக்க அழைக்கப்பட்டார்.

அந்த வாரத்தில் அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. செப்டம்பர் 30 இரவு விடுதியில் வாசித்தவை பதிவாகி, அவர் மறைந்தபின் 1971-இல் தட்டாக வந்தன. அக்டோபர் 1-ஆம் நாள் நகருக்கு வெளியே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ஓம்’ என்னும் படைப்பு உருவாயிற்று. அதில் பகவத் கீதையின் சில அடிகள் ஓதப்படுகின்றன. மறுநாள் சனிக்கிழமை இரவு, வாரத்தின் இறுதி நிகழ்ச்சியில், ‘ஒப்புயர்வற்ற அன்பு’ முழுமையாக வாசிக்கப்பட்டது. பொதுமக்கள் முன் அதனை அவர் வாசித்ததே மிக அரிது. அதற்குமுன் ஜூலை 26-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஆன்டீப் இசைவிழாவில் நால்வர் குழுவாக வாசித்த பதிவு ஒன்றே, முழுப் படைப்பின் மேடைப் பதிவாக நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது.

பதிவு செய்தவர் ஜோ பிரேசில். டெட்ராய்ட்டில் பிறந்து, சியாட்டிலில் குடியேறி, இளைஞர்களுக்கு இசை கற்பித்த சாக்ஸபோன் கலைஞர். முதல்நாள் ‘ஓம்’ பதிவில் புல்லாங்குழல் வாசித்தவரும் அவரே. விடுதியில் இருந்த சுருள் நாடாக் கருவியில், மேடையில் இரு ஒலிவாங்கிகளைக் கொண்டு அன்றைய இசையைப் பதிந்து வைத்தார்.

இடம் விட்டுக்கொடுத்தல்

தட்டைக் கேட்கத் தொடங்குவோர் முதலில் உணர்வது அளவின் வேற்றுமை. பத்து மாதங்களுக்கு முன் 33 நிமிடங்களாக இருந்த படைப்பு, இங்கே ஏறத்தாழ 75 நிமிடங்களாக விரிந்துள்ளது. எட்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்த முதற்பகுதி மட்டும் 22 நிமிடங்களை நெருங்குகிறது. மணிகளும் சிறு தாளக் கருவிகளும் குலுங்குகின்றன. பேஸ் இரண்டும் ஒன்றையொன்று தேடுகின்றன. பகுதிகளுக்கு இடையே அவை இரண்டும் தனித்தும், சில வேளை டிரம்ஸுடனும் நிகழ்த்தும் இடைவேளை உரையாடல்கள் உள்ளன. ஒருவர் வாசகம் முடித்து மற்றவர் தொடங்கும் முன் ஆலயத்தில் நிலவும் அமைதியை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

ஒலி நேர்த்தியானதன்று. ஒலிவாங்கிகள் இருந்த இடத்தின் காரணமாக எல்வின் ஜோன்ஸின் முழக்கம் முன்னே நிற்கிறது. சாக்ஸபோன்கள் சில வேளை தொலைவிலிருந்து வருவன போல் கேட்கின்றன. ஆயினும் இக்குறையே நம்மை அம்மேடையின் ஓரத்தில் நிறுத்திவிடுகிறது.

இரண்டாவதாக நாம் உணர்வது கோல்ட்ரேனின் விட்டுக்கொடுத்தல். படைப்பு அவருடையது, கவிதை அவருடையது, அவையினர் பணம் கொடுத்து வந்ததும் அவரைக் கேட்கவே. அப்படியிருந்தும் இரண்டாம் பகுதியில் நீண்டு பாடும் வாய்ப்பை, உலகம் அறியாத இளைஞர் வார்டிடம் ஒப்படைக்கிறார். மூன்றாம் பகுதியில் சாண்டர்ஸ் தம் சாக்ஸபோனில் ஓலமும் கூக்குரலுமாக வெடித்தெழ இடம் தருகிறார். அதன்பின் மெக்காய் டைனரின் பியானோ ஆற்றுப்பெருக்காகப் புறப்படுகிறது. தலைவர் ஒதுங்கி நின்று கேட்கிறார்.

இது நம் சிந்தனைக்கு உரியது. நம் உள்ளத்தின் ஆழத்திலிருந்து பிறந்த ஒரு வேண்டலைப் பிறர் கையில் கொடுப்பது எளிதன்று. அவர்கள் அதனை நாம் நினைத்தபடி சொல்லமாட்டார்கள். சில சொற்களைத் தவறவிடுவார்கள். நாம் மெதுவாகச் சொல்லும் இடத்தில் அவர்கள் கதறுவார்கள். பங்குகளில் ஒரு பக்திச் சபையைத் தோற்றுவித்தவர்கள், இளையவர்களிடம் அதனை ஒப்படைக்கும் வேளையில் படும் மனவேதனையை நாம் கண்டிருக்கிறோம். கோல்ட்ரேன் தம் படைப்பு சிதைந்துவிடுமோ என்று அஞ்சவில்லை. அது தமக்கு அருளப்பட்டது என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார். அருளப்பட்டதை அடைத்து வைக்க அவருக்கு மனம் இல்லை.

இறுதியில் திருப்பாடல் வருகிறது. இங்கே மற்ற சாக்ஸபோன்கள் ஓய்கின்றன. கோல்ட்ரேன் ஒருவரே முன்வந்து, டிரம்ஸின் அலைகள் மேல் ஏழு நிமிடங்கள் ஓதுகிறார். அத்தனை பேருக்கும் இடம் விட்டவர், எல்லார் குரலையும் திரட்டி எடுத்துக்கொண்டு இறைவன் முன் தனியே நிற்பதுபோல் அது அமைகிறது.

இரைச்சலா, இறைவேண்டலா?

இந்த இசை எல்லார்க்கும் இனிக்கும் என்று சொல்ல நாம் துணியோம். மூன்றாம் பகுதியில் எழும் ஓலத்தைக் கேட்டு, இது செபமா என்று ஒருவர் கேட்பாராயின் அக்கேள்வியை நாம் இகழக்கூடாது. 1961-ஆம் ஆண்டிலேயே கோல்ட்ரேனின் வாசிப்பை ஜாஸ் இசைக்கு எதிரானது என்று ‘டவுன் பீட்’ இதழில் ஒரு திறனாய்வாளர் சாடினார். 1965-இல் அந்தக் கேள்வி அவரது மேடையிலேயே எழுந்தது. தாம் வாசிப்பதே தமக்குக் கேட்கவில்லை என்று மனம் நொந்த மெக்காய் டைனர், அந்த ஆண்டு முடியும்போது குழுவைவிட்டு விலகினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் எல்வின் ஜோன்ஸும் விலகினார். ஐந்தாண்டுகள் ஒருயிராய் இயங்கிய தோழமை அத்துடன் முடிந்தது. ஆகவே இத்தட்டில் நாம் கேட்பது ஒரு பிரிவுக்கு முந்தைய இசையுமாகும். விலகப்போகும் அவ்விருவரும் அன்றிரவு தம்மிடம் இருந்ததை எல்லாம் கொடுத்தே வாசித்தனர் என்பது கேட்போர் நெஞ்சைத் தொடும்.

கோல்ட்ரேன் செய்தது சரியா? மக்கள் விரும்பிய வடிவத்திலேயே அதனை ஆயிரம் முறை வாசித்திருந்தால் தோழர்களும் பிரிந்திருக்க மாட்டார்கள், திறனாய்வாளர்களும் வாழ்த்தியிருப்பர். இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆனால் விவிலியம் அறிந்த நமக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது தம் முழு வலிமையோடு ஆடினார். பலகணி வழியாகப் பார்த்த மீக்கால் உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள். அரசனுக்குரிய ஒழுங்கை அவள் எதிர்பார்த்தாள். தாவீதோ இறைவன் முன் தம் மதிப்பைப் பொருட்படுத்தவில்லை. திருப்பாடல்களில் நன்றியும் அமைதியும் மட்டுமா உள்ளன? கதறலும், முறையீடும், இறைவனையே வினவும் துணிவும் அங்கே இடம்பெற்றுள்ளன. நான்கு சிறுமிகளை ஆலயத்திலேயே பறிகொடுத்த ஒரு மக்களினம், இறையன்பை ஒப்புயர்வற்றது என்று சொல்ல வாய் திறக்கும்போது, அச்சொல்லில் கதறலும் கலந்திருப்பது இயல்பே.

இடமும் எண்ணத்தக்கது. பென்ட்ஹவுஸ் ஆலயமன்று. மதுவும் புகையும் நிறைந்த விடுதி. கோல்ட்ரேனைச் சீரழித்தவையும் இத்தகைய விடுதிகளின் சூழலில்தான் அவரைப் பற்றிக்கொண்டன. தாம் வீழ்ந்த அதே வகை இடத்தில் நின்றுகொண்டே அவர் நன்றி செலுத்தினார். அவருக்கு அளிக்கப்பட்ட மேடை அதுவாகத்தான் இருந்தது. தமக்குக் கிடைத்த இடத்தில் செபிக்க அவர் தயங்கவில்லை.

பெட்டியில் கிடந்த ஒலிநாடா

ஜோ பிரேசில் அந்த நாடாவை விற்கவும் இல்லை, விளம்பரப்படுத்தவும் இல்லை. தம் உடைமைகளோடு பாதுகாத்து வைத்திருந்தார். 2008-இல் அவர் மறைந்தபின், அவரது தொகுப்பைப் பார்வையிட்ட சியாட்டில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கிரிக்ஸ் அதன் அருமையைக் கண்டறிந்தார். முதலில் வெளியிட்ட இம்பல்ஸ் நிறுவனத்தின் பெயரிலேயே அது 2021-இல் வெளிவந்தது. அதற்குள் பென்ட்ஹவுஸ் இருந்த கட்டடமே இல்லாமற் போயிருந்தது. அன்று மேடையில் நின்றவர்களில் ஜிம்மி கேரிசன் 1976-இலும், எல்வின் ஜோன்ஸ் 2004-இலும், மெக்காய் டைனர் 2020-இலும் மறைந்துவிட்டனர். ஃபேரோ சாண்டர்ஸ் தட்டு வெளிவந்ததைப் பார்த்து, 2022-இல் கண்மூடினார்.

கோல்ட்ரேனுக்கோ அந்த இரவுக்குப்பின் இரண்டாண்டுகள்கூட எஞ்சியிருக்கவில்லை. 1966 ஜூலையில் ஜப்பான் நாட்டுக்குச் சென்றபோது, அணுகுண்டால் அழிந்து மீண்ட நாகசாகி நகரில், மாண்டோரின் நினைவிடத்தில் தலைதாழ்த்தி வேண்டினார். அப்பயணத்தில் எதிர்காலத்தைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, தாம் ஒரு புனிதராக விரும்புவதாக மறுமொழி கூறினார். 1967 ஜூலை 17-ஆம் நாள் ஈரல் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. வயது நாற்பதே. நியூயார்க்கில் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்தில் நடந்த அடக்கச் சடங்கில், சாக்ஸபோன் ஓதிய அந்த வேண்டுதற் கவிதையை நண்பர் கால்வின் மாசி வாய்விட்டுப் படித்தார். சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் பெயரால் ஒரு சபையே எழுந்து, 1982-இல் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இணைந்தது. அவரைப் புனிதர் என்று அழைப்பது அச்சபையின் வழக்கம். நம் திருச்சபையின் வழக்கமன்று. ஆனால் புனித வாழ்வுக்கு ஏங்கிய ஓர் உள்ளத்தை மதிக்க நமக்குத் தடை ஏதுமில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான 1964-ஆம் ஆண்டுத் தட்டே மேலானது என்று பலர் கருதுவர். முதலில் கேட்க விரும்புவோர்க்கு நாமும் அதனையே பரிந்துரைப்போம். அது செபநூல் போன்றது, தெளிவானது, நேர்த்தியானது. சியாட்டில் தட்டு அச்செபநூலைக் கையில் எடுத்து ஏழு பேர் ஓர் இரவில் செபித்ததன் நினைவு. அதில் ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், ஒருவர் அழுகிறார். ஊர்க் கோவிலில் மாலை மன்றாட்டுக்குக் கூடும் நம் மக்களின் குரல்களும் அப்படித்தான் ஒன்றோடொன்று பொருந்தாமல் எழுகின்றன. அடுத்த முறை நம் அருகில் இருப்பவர் சுருதி பிசகிப் பாடும்போது, அவருக்காகச் சற்றே குரலைத் தாழ்த்தி இடம்கொடுத்து, அவர் என்ன சொல்லுகிறார் என்று நாம் கேட்டுப் பார்ப்போமாக.